உப்பளத்து நோயாளியும் மூன்றாம் ஆண்டு மாணவரும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்பவர்களுக்கு மரக்காணம் என்பது சாலையோரம் சில நிமிடங்கள் தோன்றி மறையும் வெண்ணிறப் பாத்திகள்தான். அந்த உப்பளங்களிலிருந்து அறுபது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எட்டுக்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், காலாப்பட்டை அடுத்துள்ள தனியார் கல்லூரி, 2010இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, மேல்மருவத்தூர்க் கல்லூரி எனப் பட்டியல் நீளும். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இக்கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்கின்றனர். இக்கல்லூரி மருத்துவமனைகளின் படுக்கைகளை நிரப்புபவர்களில் உப்பு வாருபவர்களும் மீனவர்களும் திண்டிவனம் பக்கத்து விவசாயக் கூலிகளும் உண்டு. இவர்கள் உடம்பில் கைவைத்துத்தான் அந்த மாணவர்கள் மருத்துவம் கற்கிறார்கள்.

அப்படிக் கற்கும் ஐந்தரை ஆண்டுகளில், எதிரில் இருப்பவரின் நிலையைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் வளர்கிறதா, தேய்கிறதா என்பது மருத்துவக் கல்வியாளர்களிடையே பல ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம். என் துறை பொருளியல், ஸ்டெதாஸ்கோப் பிடித்தவனல்லன். ஆயினும் இந்த விவாதம் மருத்துவர்களோடு நின்றுவிடக் கூடாது என்று கருதுகிறேன். ஏனெனில் இதன் பெரும்பகுதி, நேரம் எப்படிப் பங்கிடப்படுகிறது, எதற்கு மதிப்பெண் தரப்படுகிறது என்ற கேள்விகளில் அடங்கியிருக்கிறது. அவை எங்கள் துறையின் கேள்விகள்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இரக்கம் என்பது பிறர் துன்பம் கண்டு மனம் இளகுவது. ஒத்துணர்வு என்பது அதனின்று சற்றே வேறானது: அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்து, அவருக்கு இது எப்படித் தோன்றும் என்று அறிவது, அறிந்ததை அவருக்கு உணர்த்துவது. ஆடம் ஸ்மித்தை எல்லாரும் சந்தையின் தந்தையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் 1759இல் எழுதிய முதல் பெரிய நூல் அறவுணர்ச்சிகளைப் பற்றியது. இன்னொருவர் உணர்வதை நம்மால் நேரடியாக உணர முடியாது, கற்பனையின் வழியாகவே அவர் நிலைக்குள் புக முடியும் என்பது அந்நூலின் தொடக்கக் கருத்து. இன்றைய மருத்துவக் கல்வியாளர்கள் பெரும்பாலோர் ஒத்துணர்வு என்று குறிப்பது இதைத்தான். மருத்துவர் நோயாளியோடு சேர்ந்து அழ வேண்டியதில்லை. அழுகிற கண்ணோடு தையல் போட முடியாது. வில்லியம் ஆஸ்லர் 1889இல் பென்சில்வேனியா மாணவர்களுக்கு ஆற்றிய புகழ்பெற்ற உரையில் மருத்துவனுக்கு முதல் தேவை கலங்காமை என்றார். அதில் பிழையில்லை. கலங்காமை எந்த இடத்தில் கண்டுகொள்ளாமையாக மாறுகிறது என்பதே சிக்கல்.

அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த முகமதுரேசா ஹோஜத் குழுவினர் இருபது கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினர். உச்ச மதிப்பெண் 140. 2002இலும் 2004இலும் சேர்ந்த 456 மாணவர்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். முதல் இரண்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மூன்றாம் ஆண்டின் முடிவில் மதிப்பெண் சரிந்தது. பட்டம் பெறும்வரை மீளவில்லை. அமெரிக்காவில் மூன்றாம் ஆண்டு என்பது மாணவர் பாடநூலை விட்டு நோயாளியிடம் வரும் ஆண்டு. அதாவது நோயாளியைச் சந்திக்கும்போதுதான் நோயாளியைப் பற்றிய ஒத்துணர்வு குறைகிறது. 2011இல் மெலனி நாய்மன் குழுவினர் 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது அவற்றில் பெரும்பாலானவை இதே சரிவையே காட்டின. 2014இல் இந்தியப் பாதுகாப்புப் படை மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வும், மேல் பருவங்களுக்குச் செல்லச் செல்ல மதிப்பெண் குறைவதையும், மாணவியர் மதிப்பெண் மாணவர்களுடையதைவிடக் கூடுதலாக இருப்பதையும் பதிவுசெய்தது.

மறுப்பும் உண்டு. ஜெர்ரி காலிவர் குழுவினர் 2010இல், சரிவு மிகச் சிறியது, ஊதிப் பெரிதாக்கப்படுகிறது என்று எழுதினர். மாணவரே தம் ஒத்துணர்வுக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளும் முறையின் குறையையும் சுட்டினர். கணக்கெடுப்புத் தாள்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். தன்னைப் பற்றித் தான் சொல்வதும் தான் செய்வதும் ஒன்றல்ல. இன்னொரு செய்தி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஜப்பானிய மாணவர்களிடம் இதே அளவுகோலைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், மேல் வகுப்புகளுக்குச் செல்லச் செல்ல மதிப்பெண் கூடியது. அப்படியானால் இச்சரிவு வயதின் விளைவன்று. மருத்துவம் கற்பதன் தவிர்க்க முடியாத விலையும் அன்று. பயிற்சியின் அமைப்பு எப்படியோ, விளைவும் அப்படி.

நம் அமைப்பு எப்படி இருக்கிறது? புறநோயாளிப் பிரிவில் அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தால் போதும். தமிழில் முன்னிலைக்கு இரண்டு சொற்கள் உள்ளன: நீ, நீங்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த ஒத்துணர்வுப் பாடத்திட்டமும் இதைத் தொடுவதில்லை, ஏனென்றால் ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. இருபத்திரண்டு வயது மாணவர், அறுபது வயது உப்பளத் தொழிலாளியைப் பார்த்து, ‘என்ன பண்ணுது உனக்கு? சட்டையக் கழட்டு’ என்கிறார். அடுத்து வரும் அரசு ஊழியரிடம் அதே வாய், ‘சொல்லுங்க சார்’ என்கிறது. யாரும் இதை மாணவருக்குக் கற்பிக்கவில்லை. அவருடைய மூத்தவர் அப்படிப் பேசினார். மூத்தவருக்கு மூத்தவரும் அப்படித்தான். பிரெடரிக் ஹாஃபர்ட்டி 1994இல் மறைமுகப் பாடத்திட்டம் என்று இதையே குறிப்பிட்டார். வகுப்பறையில் எழுத்தில் இருப்பது ஒன்று. வார்டில் பார்த்துப் பழகுவது இன்னொன்று. தேர்வுக்கு முதலாவது, வாழ்க்கைக்கு இரண்டாவது. ‘பதிமூணாம் பெட்ல நல்ல கேஸ் இருக்கு’ என்று மாணவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கலாம். ‘நல்ல கேஸ்’ என்றால் நோய் முற்றி, அறிகுறிகள் எல்லாம் தெளிவாகத் தெரிகிறவர் என்று பொருள். அவருக்கு அது நல்லதா என்ற கேள்வி அந்தத் தொடரில் இல்லை. திருவள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளை நான்காகப் பகுத்தபோது நோயாளியை முதலிலும் மருத்துவரை அடுத்தும் வைத்தார். நம் வார்டுகளில் முதலில் நிற்பது படுக்கை எண்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு உப்பளத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. மரக்காணத்தில் பாத்தியில் வேலை செய்யும் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவரைச் சென்ற ஆண்டு சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தேன். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இடுப்பு வலி என்று மூன்று முறை ஒரு மருத்துவமனைக்குச் சென்று வந்திருக்கிறார். மூன்று முறையும் மாத்திரையும் ‘நிறைய தண்ணி குடிம்மா’ என்ற அறிவுரையும் கிடைத்தன. ‘தண்ணி குடிச்சா எங்க சார் போறது? சுத்துமுத்தும் பாத்தி. மறைப்புக்கு ஒரு செடி கெடையாது. அதனாலதான் வேல முடியறவரைக்கும் வாயே நனைக்கிறதில்ல’ என்றார். இதை டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். ‘அவுங்க கேக்கலியே’ என்றார்.

அறிவுரையில் மருத்துவப் பிழை எதுவுமில்லை. மருந்தும் சரியானதாகவே இருந்திருக்கும். ஆனால் காலை முதல் கொளுத்தும் வெயிலில், கண் கூசும் வெள்ளைப் பரப்பில், உப்பு நீரில் கால் ஊற நிற்கும் ஒருவர் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒருகணம் கற்பனை செய்திருந்தால், ‘வேலை செய்ற இடத்துல கழிப்பறை இருக்காம்மா?’ என்ற ஒரு கேள்வி வந்திருக்கும். அதற்குப் பத்து விநாடி போதும். அந்தக் கேள்வியின் மதிப்பு சிறிதன்று. ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பதும், 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதும் தெரியவந்தது. மூன்று முறை வந்த எரிச்சலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கண்டறியும் கருவி, இங்கே ஒத்துணர்வுதான். நோய் காணும் அறிவின் ஒரு பகுதியாகவே அதைப் பார்க்க வேண்டும்.

எண்களும் இதற்குத் துணை நிற்கின்றன. ஹோஜத் குழுவினர் 2011இல் 29 மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 891 நீரிழிவு நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். ஒத்துணர்வு மதிப்பெண் உயர்ந்த மருத்துவர்களின் நோயாளிகளில் 56 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. மதிப்பெண் தாழ்ந்தவர்களின் நோயாளிகளில் 40 விழுக்காட்டினருக்கே. கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரை மருத்துவப் பொருளியலின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. மருத்துவச் சேவையை வாங்குபவருக்குத் தான் வாங்குவது நல்லதா கெட்டதா என்று தெரியாது. ஆகவே இச்சந்தை நம்பிக்கையின் மீதே நிற்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்கலாம். மருத்துவரை அப்படி வாங்க முடியாது.

நம்பிக்கை எங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது என்பதற்கு இந்தக் கடற்கரை ஒரு கொடிய சான்றைத் தந்திருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பதின்மருக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டவர்கள் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலமே பார்வை நரம்பையும் உயிரையும் குடிக்கிறது. இடைப்பட்ட மணி நேரங்களில் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் கிடைத்தால் பிழைக்கலாம். எனவே என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்ற உண்மை நோயாளியின் வாயிலிருந்து விரைந்து வந்தாக வேண்டும். ஏசுவார்கள் என்று அஞ்சுபவர் அதை மறைப்பார், வயிற்று வலி என்று மட்டும் சொல்வார். கேட்கும் குரலில் கண்டிப்பு தெரிந்தால் அவருக்கு எஞ்சியிருக்கும் நேரம் சுருங்குகிறது.

இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று எழுந்த குரல்கள் நினைவிருக்கலாம். இழப்பீடு சரியா என்பது தனி விவாதம். எனக்கும் அதில் ஐயங்கள் உண்டு. ஆனால் அந்தக் குரல்கள் ஒலித்த வீடுகளிலிருந்துதான் மாணவர்களும் வருகிறார்கள். குழந்தை நோயாளியிடமும் விபத்தில் அடிபட்டவரிடமும் ஒத்துணர்வு காட்டுவது யாருக்கும் எளிது. தன் செயலால் நோய் வரவழைத்துக்கொண்டவர் என்று நாம் தீர்ப்பெழுதிவிட்ட ஒருவரின் படுக்கையருகில் நிற்கும்போது அது எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்பிய உடல் ஏன் மலிவான சாராயத்தைத் தேடுகிறது என்று அறிந்த மாணவருக்கு அந்தச் சோதனையில் தேற ஒரு வாய்ப்பாவது இருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, மாணவரின் மனத்தைக் குறை சொல்லிக் கட்டுரையை முடிப்பது நியாயமன்று. 1973இல் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையை என் வகுப்புகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சமயகுருப் பயிற்சி பெறும் நாற்பது மாணவர்கள் உரையாற்ற வேறொரு கட்டடத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் முனகிக்கொண்டு கிடக்கிறார். அவசரமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர். எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கடிகாரம் உண்டாக்கியது.

நம் மருத்துவமனைகளின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதற்கு 2017இல் வெளிவந்த 67 நாடுகளின் ஒப்பீடு உண்டு. ஒரு நோயாளிக்கு அடிப்படை நிலை மருத்துவர் செலவிடும் சராசரி நேரம் சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி, இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இந்த இடத்தில் திருமுக்கூடல் கல்வெட்டு எனக்கு நினைவுக்கு வரும். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்து ஆதுலர் சாலையில் பதினைந்து படுக்கைகள். அவற்றுக்கு ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், பணிப்பெண்கள் இருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், அனைவருக்கும் இவ்வளவு நெல் என்று கணக்கு. கருணையைப் பற்றி உரை நிகழ்த்துவதைவிட, அதற்கு ஆள் போட்டுக் கூலி நிர்ணயித்துக் கல்லில் வெட்டுவது உறுதியான வழி என்று அன்றைய நிர்வாகிகளுக்குத் தெரிந்திருந்தது.

மாணவர்களே எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் தந்த அறிக்கையின்படி, கணக்கெடுப்பில் பங்கேற்ற 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்தனர். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. 74 மணி என்பதே ஒரு சலுகையாகக் கேட்கப்படும் நிலை! இதோடு அச்சமும் சேர்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் பணியிடத்திலேயே கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். தூக்கமும் பாதுகாப்பும் இல்லாதவரிடம் நோயாளியின் கோணத்தில் சிந்தி என்று சொல்வது எளிது.

ஆணையம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 முதல் மனப்பாங்கு, அறம், தொடர்பாற்றல் ஆகியவை பாடத்திட்டத்தின் பகுதியாயின. 2021-22ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் வந்தது. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்று, மூன்று ஆண்டுகளில் மொத்தம் 78 மணி நேரம் அவர்களோடு தொடர்பில் இருக்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர்களைக் கிராமத்திலேயே தங்கவைக்கும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கொண்டிருக்கிறது. அந்த எண்ணத்தை நாடு முழுமைக்கும் விரித்தது போன்றது இத்திட்டம். தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருப்பதும் இதற்குத் துணை. உப்பளத் தொழிலாளியின் வீடு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையில்லாத மாணவர்கள் சிலராவது இன்று வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் சக மாணவர்களுக்குச் சொல்லித்தரக்கூடியது நிறைய.

ஆனால் திட்டத்தின் நடைமுறை எனக்கு நிறைவளிக்கவில்லை. பேருந்தில் வந்திறங்கி, ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை குத்திப் பார்த்து, படிவத்தை நிரப்பி, கூட்டமாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் வருகை முகாமாகத்தான் இருக்கும். அதில் மாணவர் கேட்பவராகவே இருக்கிறார், கேட்டுக்கொண்டிருப்பவராக மாறுவதில்லை. பதிவேட்டில் ரத்த அழுத்தத்துக்குக் கட்டம் இருக்கிறது. அந்த வீட்டின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது, மருந்து வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறதா, யார் முடிவெடுக்கிறார்கள் என்பதை நான்கு வரியில் எழுதச் சொல்லி, அதை ஆசிரியர் படித்து மதிப்பெண் இட்டால், மறைமுகப் பாடத்திட்டத்துக்கு எதிராக வெளிப்படையாக ஒன்றை நிறுத்தியதாகும். மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர் பொருட்படுத்தார் என்பது முப்பது ஆண்டுக்கு மேலான ஆசிரியப் பணியில் எனக்கு உறுதிப்பட்ட உண்மை. மருத்துவ முதுநிலை நுழைவுத் தேர்வோ கொள்குறி வினாக்களால் ஆனது. இறுதியாண்டு மாணவர் நோயாளியை விட்டு நூலகத்துக்கு ஓடுவதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

இந்தக் கடற்கரைக்கு மட்டும் உரிய ஒரு சிறு யோசனையும் உண்டு. உப்பளத் தொழிலாளி விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார். முற்பகலில் வரும் மாணவர் குழு பார்ப்பது முதியவர்களையும் குழந்தைகளையும் பூட்டிய கதவுகளையும்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பாத்திகள் நீரில் மூழ்கியபின், அக்டோபர் முதல் ஏறத்தாழ மூன்று மாதங்கள் உற்பத்தி இல்லை, கூலியும் இல்லை. கடன் வாங்கும் காலம் அது. அப்போது அவர்கள் வீட்டில் இருப்பார்கள், பேசவும் நேரமிருக்கும். மரக்காணம் பக்கத்துக் கிராமங்களைத் தத்தெடுக்கும் கல்லூரி எதுவானாலும், வருகை நாள்களில் பாதியை அந்த மூன்று மாதங்களுக்கு மாற்றிவைக்கலாம். எஞ்சியவற்றில் ஒன்றையாவது அதிகாலையில் உப்பளத்துக்குள்ளேயே, பாத்தி வரப்பில் வைத்துக்கொள்ளலாம்.